கம்ப்யூட்டருக்கு முகவரி எழுதக் கற்றுக் கொடுப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் ஊர் தளி. மேட்டு நிலம், இதமான காற்று. 'குட்டி இங்கிலாந்து' என்று ஒரு செல்லப் பெயரும் இதற்கு உண்டு. இந்தத் தட்பவெப்பம் ரோஜாச் செடிக்கு மிகவும் உகந்தது. ஆகவே ஓசூரிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பசுமைக் குடில்களை வரிசை வரிசையாகக் காணலாம். பிப்ரவரி 14 நெருங்கும் நாட்களில் இப்பகுதியின் ரோஜாக்கள் பெட்டி பெட்டியாக வெளிநாடுகளுக்குப் பறக்கின்றன.

பறித்த ரோஜா பிறகும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் ஏற ஏற அதன் சுவாசம் வேகமாகி, மொட்டு சீக்கிரமே விரிந்துவிடும். விரிந்த பூவை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். எனவே 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையுள்ள குளிர் அறையில் மொட்டுகளை உறங்க வைக்கிறார்கள்.

இப்படி ஒரு பண்ணையை மனத்தில் வரைந்துகொள்வோம். நள்ளிரவு கடந்து இரண்டு மணி. குளிர்விக்கும் இயந்திரம் நின்றுவிடுகிறது. அறையின் சுவரில் பொருத்தியிருக்கும், உள்ளங்கை அளவேயான ஒரு சிறு கம்ப்யூட்டர் வெப்பநிலை 8 டிகிரியைத் தாண்டியதைக் கண்டுகொள்கிறது. உடனே மேற்பார்வையாளருக்கும் மெக்கானிக்கிற்கும் மின்னஞ்சல் அனுப்ப முனைகிறது. அஞ்சல் போய்ச் சேர்ந்தால் கைபேசி மணியடிக்கும். அரை மணி நேரத்தில் ஆள் வந்துவிடும். போய்ச் சேராவிட்டால்? பொழுது விடியும்போது ஒரு வார உழைப்பு விரிந்து கிடக்கும்.

அஞ்சல் போகாமல் போவதற்குக் கம்பி அறுந்திருக்க வேண்டும் என்பதில்லை. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல் தவறாக இருந்தாலும் போதும். அந்தச் சொற்களைப் பற்றித்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

திரையில்லாத எழுத்தர்

நீங்களோ நானோ மின்னஞ்சல் அனுப்பும்போது திரையைப் பார்க்கிறோம், பெட்டிகளை நிரப்புகிறோம், பொத்தானை அழுத்துகிறோம். குளிர் அறையின் சுவரில் தொங்கும் கம்ப்யூட்டருக்குத் திரையும் இல்லை, பொத்தானை அழுத்த விரலும் இல்லை. அது செய்யக்கூடியது ஒன்றே: முன்பே எழுதிவைத்த ஒரு வரிக் கட்டளையை இயக்குவது. 'மெயில் என்னும் நிரலே, இந்தத் தலைப்பில், இந்த முகவரிக்கு, இந்தச் செய்தியை அனுப்பு' என்று ஒரே வரியில் சொல்லிவிடும். இவ்வகை நிரல்களைக் கட்டளை வரிக் கருவிகள் என்பார்கள். பழைய நாளில் தந்தி அலுவலகத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது போலத்தான் இதுவும். (நம் நாட்டில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையில் முடிவுக்கு வந்தது. வாழ்த்துத் தந்திகளுக்கு எண்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், முழு வாழ்த்தும் மறுமுனையில் அச்சாகும். உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்லுவார்.)

அஞ்சலை அனுப்ப இந்தக் கருவிக்குத் தெரிய வேண்டிய செய்திகள் அதிகமில்லை. எந்த அஞ்சல் சர்வரிடம் கொடுப்பது? அந்தச் சர்வரின் எந்தக் கதவைத் தட்டுவது? உரையாடலை எப்படிப் பூட்டிக்கொள்வது? என்ன பெயர், என்ன கடவுச்சொல் கூறி உள்ளே போவது? அனுப்புநர் என்று யாரைக் குறிப்பிடுவது? அவ்வளவுதான். மொத்தம் ஆறு விவரங்கள். ஓர் அஞ்சலட்டையின் பாதியில் எழுதிவிடலாம்.

கதவு என்றேனே, அதைச் சற்று விளக்க வேண்டும். முன்பெல்லாம் தபால் நிலையத்தில் மணியார்டருக்கு ஒரு ஜன்னல், பதிவுத் தபாலுக்கு ஒரு ஜன்னல், தபால் தலைக்கு ஒரு ஜன்னல் இருந்தது அல்லவா? சர்வரிலும் அப்படியே எண்ணிட்ட ஜன்னல்கள் உண்டு. அவற்றைப் 'போர்ட்' என்கிறோம். அஞ்சலுக்கு உரிய பழைய போர்ட் 25. 1998-ஆம் ஆண்டு 587 என்னும் போர்ட் பயனர்கள் தங்கள் கடிதங்களை ஒப்படைப்பதற்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது. 465 என்று இன்னொன்றும் உண்டு. 1997-இல் பதிவுசெய்து, சீக்கிரமே கைவிட்டு, பிறகு 2018-இல் மீண்டும் பரிந்துரைத்த எண் அது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பூட்டில்தான். 465-இல் முதல் சொல்லுக்கு முன்பே உரையாடல் முழுவதும் சங்கேதமாகப் பூட்டப்பட்டுவிடும். 587-இல் முதலில் வெளிப்படையாக வணக்கம் சொல்லி, பிறகு 'இனிப் பூட்டிக்கொள்வோமா?' என்று கேட்டுப் பூட்டுவார்கள். இந்தக் கேள்விக்கு 'ஸ்டார்ட்-டி.எல்.எஸ்.' என்று பெயர். பூட்டுக்குப் பெயர் டி.எல்.எஸ். அதன் முன்னோருக்குப் பெயர் எஸ்.எஸ்.எல். இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள். குழப்பம் இங்கேதான் காத்திருக்கிறது.

ஹாவும் ஆவும்

தளிப் பக்கம் போனால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும். கடையில் ஒருவர் 'பால்' என்பார், அடுத்தவர் 'பாலு' என்பார், மூன்றாமவர் 'ஹாலு' என்பார். கடைக்காரர் மூவருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் ஊற்றுவார். மனித மூளைக்கு இது பெரிய வேலையே அல்ல.

கம்ப்யூட்டருக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. சர்வரின் பெயரை எம்.எஸ்.எம்.டி.பி. என்னும் கருவிக்குச் சொல்ல வேண்டுமானால் 'ஹோஸ்ட்' என்று எழுதி, ஓர் இடம் விட்டுப் பெயரை எழுத வேண்டும். எஸ்.எஸ்.எம்.டி.பி. என்னும் பழைய கருவிக்கு அதையே 'மெயில்ஹப்' என்று எழுதிச் சமக்குறி போட வேண்டும். போர்ட் எண்ணைத் தனி வரியில் எழுதாமல் பெயரை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இட்டு ஒட்டிவிட வேண்டும். நிரலாளர்கள் பயன்படுத்தும் 'கிட்' கருவிக்கு அது 'எஸ்.எம்.டி.பி. சர்வர்', போர்ட்டுக்குத் தனி வரி. 'மட்' என்னும் அஞ்சல் நிரலுக்கோ பயனர் பெயர், சர்வர், போர்ட் எல்லாவற்றையும் ஓர் இணைய முகவரி போல ஒரே சரமாகக் கோத்துத் தர வேண்டும். ஆம் என்று சொல்வதற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்: ஒன்றுக்கு 'ஆன்', ஒன்றுக்கு 'எஸ்', ஒன்றுக்கு 'ட்ரூ'.

பால், பாலு, ஹாலு என்ற அளவில் நின்றால் பரவாயில்லை; ஒரு கையேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒரே ஒலிக்கு இரண்டு பொருள் வந்தால்தான் ஆபத்து. கன்னடத்தில் 'ஹாவு' என்றால் பாம்பு. தெலுங்கில் 'ஆவு' என்றால் பசு. கிராமத்துக் கன்னடத்தில் ஹகரம் அடிக்கடி கழன்றுவிடும். அப்போது பாம்பும் 'ஆவு'தான். 'கொல்லையில் ஆவு' என்று ஒருவர் கத்தினால் கயிற்றை எடுப்பதா, கம்பை எடுப்பதா?

மின்னஞ்சல் கருவிகளில் இத்தகைய ஆவுகள் பல உண்டு. 'மெயில்' என்ற ஒரே பெயரில் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இரண்டு மூன்று வெவ்வேறு நிரல்கள் வழங்குகின்றன. ரெட் ஹாட் குடும்பத்துக் கம்ப்யூட்டர்களில் வழங்கிவந்த மெயில்எக்ஸ் நிரலில் '-ஏ' என்னும் குறி 'இந்தக் கோப்பைக் கடிதத்துடன் இணை' என்று பொருள்படும். டெபியன் குடும்பத்தில் வழங்கும் பி.எஸ்.டி. மெயில்எக்ஸ் நிரலில் அதே '-ஏ' 'இந்த வரியைக் கடிதத்தின் தலைப்பகுதியில் சேர்' என்று பொருள்படும். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. நம் பண்ணைக்காரர் பழைய கம்ப்யூட்டரை மாற்றி வேறு குடும்பத்துக் கம்ப்யூட்டரை வைக்கிறார் என்று கொள்ளுங்கள். கட்டளை வரியில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றவில்லை. ஆனால் வெப்பநிலைப் பட்டியல் இணைப்பாகப் போவதற்குப் பதிலாக, அதன் கோப்புப் பெயர் கடிதத்தின் தலையில் ஒரு பொருளற்ற வரியாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

'-எஃப்' என்பதும் அப்படியே. செண்ட்மெயில் நிரலில் அது அனுப்புநரைக் குறிக்கிறது. மெயில் நிரலிலோ 'அஞ்சல் பெட்டியைத் திறந்து படி' என்பது அதன் பொருள். அனுப்பச் சொன்னால் அது படிக்க உட்கார்ந்துவிடும்.

பூட்டின் பெயரிலுள்ள குழப்பம் இவற்றையெல்லாம் விட மோசமானது. கிட் கருவியில் 'டி.எல்.எஸ்.' என்று எழுதினால் முதலில் பேசிப் பிறகு பூட்டும் 587 முறை. எஸ்.எஸ்.எம்.டி.பி. கருவியில் 'டி.எல்.எஸ். பயன்படுத்து: எஸ்' என்று மட்டும் எழுதினால் முதலிலேயே பூட்டும் 465 முறை. ஒரே மூன்றெழுத்து, நேர் எதிரான நடத்தை. நோட்மெயிலர் என்று நிரலாளர்களிடையே பரவலான ஒரு தொகுப்பு உண்டு. அதில் 'செக்யூர்' என்ற வரிக்கு 'இல்லை' என்று எழுதினால் பாதுகாப்பு இல்லை என்று நினைப்பீர்கள். அப்படியல்ல, 'முதலிலேயே பூட்டாதே, சர்வர் இடம் கொடுத்தால் பிறகு பூட்டிக்கொள்' என்பதுதான் அதன் பொருள். பெயர் வைத்தவர்களைக் குறை கூறுவது சுலபம். ஆனால் இந்தப் பெயரைப் பொறுத்தவரை குறை கூறத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

635118

இதே நோய் காகிதத் தபாலுக்கும் இருந்தது. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல மருந்தும் கண்டுபிடித்தார்கள்.

ஓசூர் என்ற பெயரையே பாருங்கள். கன்னடத்தில் 'ஹொஸ ஊரு' என்றால் புதிய ஊர். புதிதாக ஊர் தோன்றிய இடத்திலெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆகவே கர்நாடகத்தில் ஹொசூர்கள் ஒன்றல்ல, பல. பலவகை எழுத்துகளில், பலவகை உச்சரிப்புகளில், அரைகுறைக் கையெழுத்தில் வரும் முகவரிகளைத் தபால் பிரிப்பவர் என்ன செய்வார்? இதற்காகத்தான் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் தபால் துறை உயர் அதிகாரியும் சமஸ்கிருத அறிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர்.

தளியின் பின்கோடு 635118. முதல் இலக்கமான 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் காட்டுகிறது. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும்; கடைசி மூன்றும் குறிப்பிட்ட தபால் நிலையத்தை. எல்லைக்கு அப்பால் சற்றுத் தொலைவில் இருக்கும் ஆனேக்கல்லின் எண் 562106. சந்தைக்குப் போய்வரும் தூரம்தான். ஆனால் முதல் இலக்கத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. எந்த மொழி தெரிந்தவராயினும் எண்ணைப் பார்த்தால் போதும்.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். இடத்துக்கு ஒரு பொருள், எப்போதும் அதே வரிசை, எப்போதும் ஆறு இலக்கம். ஐந்து இலக்கம் எழுதினால் பார்த்தவுடனே பிழை தெரிந்துவிடும். எண்ணுக்குள் மாவட்டத்தின் பெயர் இல்லை. ஆகையால் 2004-இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது என்பதற்காக எண்ணைத் திருத்த வேண்டிய அவசியம் எழவில்லை.

வரிசை என்பது சிறிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் 1980-களில் தங்கள் மின்னஞ்சல் முகவரியை நாட்டின் பெயரில் தொடங்கிச் சிறிய இடத்தில் முடித்தன. உலகின் பிற பகுதிகள் சிறிய இடத்தில் தொடங்கி நாட்டில் முடித்தன. கம்ப்யூட்டர் துறையை 'சி.எஸ்.' என்ற இரண்டெழுத்தால் குறிப்பது வழக்கம். செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக்கும் அதே 'சி.எஸ்.' என்ற குறியைக் கொடுத்தபோது, இங்கிலாந்து முகவரிகளின் கடைசியில் இருந்த துறையின் பெயர் நாட்டின் பெயராகத் தோன்றத் தொடங்கியது! பேராசிரியருக்கு எழுதிய கடிதம் வேறு நாட்டை நோக்கித் திரும்பிவிடும் நிலைமை. பின்னர் இங்கிலாந்தும் உலக வரிசைக்கு மாறிவிட்டது.

பெர்க்லியில் ஒரு தலைவலி

மின்னஞ்சல் கருவிகளின் சொற்கள் ஏன் இப்படிச் சிதறிப் போயின? கதை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்குகிறது. 1970-களின் இறுதியில் அங்கே ஆர்ப்பாநெட் என்னும் வலையோடு இணைந்திருந்தது ஒரு கம்ப்யூட்டர். இன்கிரெஸ் என்னும் தரவுத்தள ஆய்வுக் குழுவினுடையது. மற்றத் துறையினர் அனைவரும் அஞ்சலுக்காக அதில் இடம் கேட்டு நச்சரித்தனர். அக்குழுவில் பணியாற்றிய எரிக் ஆல்மன் என்பவர் 'எல்லோருக்கும் இடம் கொடுப்பதை விட அவர்களுடைய அஞ்சலை அவரவர் கம்ப்யூட்டருக்கே கடத்திவிட்டால் என்ன?' என்று யோசித்து, 1979-இல் 'டெலிவர்மெயில்' என்ற நிரலை எழுதினார்.

கடத்துவதில்தான் தலைவலி. ஆர்ப்பாநெட் முகவரியில் பெயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே '@' குறி. 1971-இல் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்தது. வளாகத்துக்குள் இருந்த பெர்க்நெட் வலையில் முக்காற்புள்ளி. தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் செல்லும் யு.யு.சி.பி. முறையில் ஆச்சரியக்குறி. அதிலும் போகும் வழியையே முகவரியாக எழுத வேண்டும்: 'சென்னை!பம்பாய்!ராமன்' என்பது போல. 'பேருந்து நிலையத்தில் இறங்கி, புளியமரத்தடியில் திரும்பி' என்று நம் ஊரில் வழி சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுமில்லை.

மூன்று இலக்கணங்களையும் மொழிபெயர்க்க ஆல்மன் எழுதிய அடுத்த நிரல் 1983-இல் வெளிவந்த செண்ட்மெயில். அதன் அமைப்புக் கோப்பு புகழ்பெற்றது. ஆனால் நல்ல காரணத்துக்காக அல்ல. ஒவ்வொரு வரியும் ஓர் ஒற்றை எழுத்தில் தொடங்கும். பிறகு டாலர் குறி, நட்சத்திரக் குறி, கூட்டல் குறி என்று அடுக்கிக்கொண்டே போகும். பூனை தட்டச்சுப் பலகை மீது நடந்தது போல இருக்கும். அந்த நாளைய கம்ப்யூட்டர்கள் மெதுவானவை. நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோப்பைப் படித்தாக வேண்டும். ஆகவே இயந்திரம் படிப்பதற்கு எளிதாக இருந்தால் போதும் என்று வகுத்தார்கள். மனிதன் படிப்பது இரண்டாம் பட்சம் ஆயிற்று. அதில் இடைவெளிக்கும் டாப் விசைக்கும் பொருள் வேறு. இரண்டும் கண்ணுக்கு வெறும் வெற்றிடம்தான்! டாப்புக்கு அப்படிப் பொருள் கொடுத்தது தவறு என்று ஆல்மனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இந்த ஒரு நிரலை விளக்க ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய புத்தகம் வெளிவந்தது.

இதற்கு நடுவே நம் நாட்டுக்கும் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. மின்னணுத் துறை 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் பம்பாய் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், சென்னை உள்பட ஐந்து ஐ.ஐ.டி.கள் ஆகியவை இடம்பெற்றன. தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பிதான் துணை.

செண்ட்மெயிலின் கோப்பு எவ்வளவு கசப்போ, அதன் கட்டளை வரி அவ்வளவு இனிப்பாக அமைந்தது என்பது வேடிக்கை. '-டி' என்றால் பெறுநர் முகவரியைக் கடிதத்திலிருந்தே எடுத்துக்கொள். '-ஐ' என்றால் தனிப் புள்ளியைக் கண்டு நின்றுவிடாதே. இந்த இரண்டாவது குறிக்கு ஒரு கதை உண்டு. எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிமுறையில், ஒரு வரியில் புள்ளி ஒன்று மட்டுமே தனியாக நின்றால் 'கடிதம் முடிந்தது' என்று பொருள். கருவியும் அதே வழக்கத்தைப் பின்பற்றியது. நம் குளிர் அறையின் பட்டியலில் எப்படியோ ஒரு தனிப் புள்ளி விழுந்துவிட்டால், அதற்குப் பிந்திய பகுதி அறுந்துபோகும். '-ஐ' போட்டால் அந்த ஆபத்து நீங்கும்.

பிறகு கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் 1995-இல் எக்ஸிமை எழுதினார். வீட்சே வெனிமா 1998-இல் போஸ்ட்ஃபிக்ஸை வெளியிட்டார். அமைப்புக் கோப்பை இருவரும் தத்தம் விருப்பப்படி புதிதாக, படிக்கத்தக்கதாக வகுத்தனர். ஆனால் கட்டளை வரியை மட்டும் இருவரும் மாற்றவில்லை. தங்கள் நிரலைச் 'செண்ட்மெயில்' என்ற பெயரிலேயே அழைக்கலாம், அதே '-டி', அதே '-ஐ' செல்லும் என்று விட்டுவிட்டனர். நான் முன்பு சொன்ன சிறிய எம்.எஸ்.எம்.டி.பி.யும் அவ்வாறே. ஆகையால் அந்தக் குறிகளோடு எழுதிய பழைய கட்டளை வரி, உள்ளே இருக்கும் நிரல் எது என்று அறியாமலே இன்றும் ஓடுகிறது. மின்சாரப் பிளக்கின் அளவு மாறாதிருப்பதால் அணைக்கட்டு மின்சாரமா, அனல் மின்சாரமா என்று நம் விளக்குக்குக் கவலையில்லை அல்லவா?

நல்ல கோப்பின் இலக்கணம்

இனி நாமே ஒரு கருவிக்கு அமைப்புக் கோப்பு வகுப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழிலேயே எழுதினால் என்ன?

சர்வர் = அஞ்சல்.உதாரணம்
போர்ட் = 587
பூட்டு = பேசியபின்
பயனர் = குளிரறை
அனுப்புநர் = குளிரறை@உதாரணம்

ஒவ்வொரு வரியும் ஒரே அமைப்பு: பெயர், சமக்குறி, மதிப்பு. பூட்டு என்பதற்கு 'ஆம், இல்லை' என்று விடையளிக்க நாம் இடம் கொடுக்கவில்லை. 'முதலிலேயே', 'பேசியபின்', 'வேண்டாம்' என்று மூன்று நிலைகள் உண்டு. மூன்றுக்கும் மூன்று சொற்கள். ஆம்-இல்லை என்பது எளிதாகத் தோன்றும் பொறி. யாமெல் என்னும் அமைப்பு மொழியின் பழைய பதிப்பில் 'நோ' என்று எழுதினால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியும் 'நோ'தான்! நாடுகளின் பட்டியல் எழுதியவர்கள் நார்வே இருந்த இடத்தில் 'இல்லை' என்பதைக் கண்டு திகைத்தார்கள்.

கடவுச்சொல்லை வேண்டுமென்றேதான் மேலே எழுதவில்லை. கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆகவே கடவுச்சொல் வேறிடத்தில், உரியவர் மட்டும் படிக்கும்படி இருக்க வேண்டும். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. '#' குறிக்குப் பின் வருவது குறிப்புரை என்று பல கருவிகள் ஒதுக்கிவிடும். உங்கள் கடவுச்சொல்லின் நடுவே '#' இருந்தால் பாதிச் சொல்தான் சர்வருக்குப் போகும். 'கடவுச்சொல் தவறு' என்று சர்வர் சொல்லும். நீங்களோ சரியாகத்தானே எழுதினோம் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். மேற்கோள் குறிக்குள் எழுதினால் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளும் என்ற விதி இருந்தால் இது தீரும்.

ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் எது செல்லும்? கட்டளை வரியில் சொன்னதே முதன்மை. அடுத்தது பயனரின் சொந்தக் கோப்பு. கடைசியில் கம்ப்யூட்டருக்குப் பொதுவான கோப்பு. அண்மையில் சொன்னது வெல்லும் என்பது பெரும்பாலான கருவிகளின் வழக்கம். நாமும் அதை மாற்ற வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, புரியாத சொல்லைக் கண்டால் கருவி என்ன செய்கிறது என்பது. 'பூட்டு' என்பதைப் 'பூட்டூ' என்று எழுதிவிட்டீர்கள். 'எனக்குத் தெரியாத சொல்' என்று கருவி பேசாமல் தாண்டிவிட்டால், கடிதம் பூட்டின்றிப் போகும். அல்லது போகவே போகாது. நம் குளிர் அறை இரவு இரண்டு மணிக்குத்தான் அதைக் கண்டுபிடிக்கும். எம்.எஸ்.எம்.டி.பி. இந்த விஷயத்தில் கண்டிப்பான வாத்தியார்: எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் தெரியாத சொல் என்று சொல்லி, வேலையை நிறுத்திவிடும். அனுப்பாமலே ஒத்திகை பார்க்கும் வசதியும் அதில் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகளைக் காட்டும் கட்டளையும் யாரும் பயன்படுத்தாத பெயரைக் கண்டால் எச்சரிக்கும்.

தோல்வியைச் சொல்வதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். திரும்பி வரும் தபாலில் 'விலாசதாரர் இல்லை', 'பெற்றுக்கொள்ள மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் தருவது போல, பெர்க்லி யூனிக்ஸில் இதற்கென்று எண்கள் வகுத்தார்கள். 67 என்றால் அப்படி ஒரு பயனர் இல்லை. 68 என்றால் அப்படி ஒரு கம்ப்யூட்டர் இல்லை. 75 என்றால் தற்காலிகத் தடை, பிறகு முயன்று பார். 78 என்றால் அமைப்புக் கோப்பில் பிழை. வெற்றிக்குச் சுழி. இந்த எண்கள் இன்றும் வழங்குகின்றன. ஆகவே நம் பண்ணைக் கம்ப்யூட்டர் அஞ்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளாமல், வந்த எண்ணைப் பார்க்க வேண்டும். 75 வந்தால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அனுப்பலாம். 78 வந்தால் மறுபடி அனுப்பிப் பயனில்லை. அங்கேயே மணியை அடிக்க வேண்டியதுதான்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி காலியாகும்போது தலைமை ஆசிரியருக்கும் குழாய் பழுது பார்ப்பவருக்கும் அஞ்சல் அனுப்பும் கருவி ஒன்றுக்கு நீங்களே அமைப்புக் கோப்பை வகுத்துப் பாருங்கள். காகிதமும் பென்சிலும் போதும். பெறுநர் இருவர் ஆகையால், இரண்டு முகவரிகளை ஒரே வரியில் காற்புள்ளியிட்டு எழுதுவதா, இரண்டு வரியாக எழுதுவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். முகவரிக்கு முன்னால் பெயரும் எழுத இடம் கொடுத்து, அந்தப் பெயரிலேயே ஒரு காற்புள்ளி வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் யோசியுங்கள். விதிகளை ஒரு தாளிலும், ஒரே ஓர் எழுத்துப் பிழையுடன் கோப்பை இன்னொரு தாளிலும் எழுதி, இரண்டையும் பக்கத்து வகுப்பு நண்பரிடம் கொடுங்கள். அவர் கம்ப்யூட்டராக நடிக்க வேண்டும்: விதியில் உள்ளதை மட்டுமே செய்யலாம், ஊகிக்கக் கூடாது. பிழையான வரிக்கு வந்ததும் அவர் நிற்கிறாரா, தாண்டிப் போகிறாரா என்று பாருங்கள். தாண்டிப் போனால், அதற்கு இடம் கொடுத்த விதி எது என்று உங்கள் தாளில் தேடுங்கள்.